அம்மா முடிந்துவைத்த காசு

தேக்கா மார்க்கெட்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு தையல்கடைக்கு மேலே, பலகையால் தடுத்த இரண்டு அறைகள்தான் எங்கள் வீடு. அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. நான் ஒரே பிள்ளை. ஆங்கிலமும் மலாயும் வராத அம்மாவுக்கு வெளியுலகத்தில் வாய் நான்தான். கிளினிக்குக்குப் போனால் டாக்டர் சொல்வதையெல்லாம் அம்மாவிடம் சொல்வேன். அம்மா சொல்வதில் பாதியைத்தான் டாக்டரிடம் சொல்வேன், மீதி பாதி அப்பாவைப் பற்றிய புகாராக இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அந்த வருஷம் எனக்கு எச்.எஸ்.சி., பள்ளியின் கடைசிப் பரீட்சை. தேறினால் கோலாலம்பூரில் பல்கலைக்கழகம். தவறினால் இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடை வைத்திருக்கும் மாமா மகன். அப்பா இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"பாஸ் பண்ணிட்டா தாராளமா போ. இல்லாட்டி மாமாவுக்கு வார்த்தை கொடுத்துடுவேன்."

மாமா மகனிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டிக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை.

பரீட்சைக்கு ஒரு மண்டலம் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா தலைக்குக் குளித்தாள். வெள்ளைத் துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, அதில் ஒரு காசை முடிந்து, முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். வேண்டிக்கொண்டது நடந்த பிறகு முடிச்சை அவிழ்த்துக் காசைக் கோவில் உண்டியலில் போட வேண்டும். என்ன வேண்டினோம் என்று அதுவரை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது.

நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்த வீட்டில் நடக்கவிருந்தது என் பரீட்சை ஒன்றுதான்.

அன்றிலிருந்து அம்மா கவுச்சி தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைச் சாப்பாடு. எனக்காக அம்மா வயிற்றைக் காயப்போடும்போது நான் மட்டும் மீன் தின்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் விரதம் இருக்கப்போவதாகச் சொன்னேன்.

"உனக்கு எதுக்குடி? படிக்கிற புள்ள, உடம்புல தெம்பு வேணாமா?"

"எனக்காகத்தானே நீ இருக்கே? நானும் இருந்தா என்னவாம்?"

அம்மா புளி கரைக்கப் போய்விட்டாள். அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக் கேண்டீனில் சீனத் தோழி ஒருத்தி தன் மீ நூடுல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு லா" என்று எங்கள் ஊர் 'லா' போட்ட ஆங்கிலத்தில் கெஞ்சுவாள். பச்சைத்தண்ணீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போவேன். சாயங்காலம் சிராங்கூன் ரோட்டு அம்மன் கோவிலை அம்மா சுற்றுவாள், நான் பின்னாலேயே சுற்றுவேன். அம்மாவின் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே, 'தாயே, அம்மா என்ன கேட்கிறாளோ அதை அப்படியே கொடுத்துவிடு' என்று வேண்டிக்கொள்வேன். தனியாக ஒன்று கேட்டு எதற்குக் குழப்ப வேண்டும் என்று நினைப்பு. எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

தேறிவிட்டேன். பள்ளியிலிருந்து பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஓடிவந்து சொன்னேன். அம்மா டப்பாவைத் திறந்து என் வாயில் சீனி போட்டாள். பாதிச் சீனியைத் தரையில் சிந்திவிட்டாள். சந்தோஷத்தில் சிந்துகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது, அம்மா முடிச்சைத் தொடவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போனது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது, சாமி குற்றம் ஆகிவிடப்போகிறது என்று நானே ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

"ஏம்மா, இத இன்னும் அவிழ்க்கலையே. வா, கோவிலுக்குப் போயிட்டு வந்துடலாம்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அது இருக்கட்டும். எடுத்த இடத்துலயே மாட்டு."

"அதான் நடந்துருச்சே."

"நான் வேண்டிக்கிட்டது நடக்கல."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "அப்ப நீ என்னதான் வேண்டிக்கிட்டே?"

அம்மா கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள். "நீ பாஸாகக் கூடாதுன்னு. மாமா வீடுன்னா கூப்பிடு தூரம். காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ பாத்துக்கலாம். நீ அங்க போயிட்டா எனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

அப்பாவைப் பார்த்தேன். தமிழ்ப் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், பக்கத்தைத் திருப்பவே இல்லை. அவருக்கும் தெரியும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஃபெயிலாக வேண்டும் என்று நானே பட்டினி கிடந்திருக்கிறேன். நானே கோவிலைச் சுற்றியிருக்கிறேன். நல்லவேளை, அந்த அம்மன் எங்கள் இருவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை.

"என்னையும் சேத்துல்ல பட்டினி போட்டே?"

"நான்தான் வேணாம்னு சொன்னேன்ல," என்றாள் அம்மா.

சொன்னாள்தான். பொய்யில்லை. அதனால்தான் இன்று நினைத்தாலும் ஆத்திரம் பொங்குகிறது. அடித்திருந்தால், அறையில் போட்டுப் பூட்டியிருந்தால், சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். ராத்திரி நான் படிக்கும்போது மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, காலையில் அந்த முடிச்சுக்குப் பூ வைத்தவளோடு என்னவென்று சண்டை போடுவது? கிளம்பும் வரை அவளோடு சரியாகப் பேசவில்லை.

தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் நெற்றியில் விபூதி பூசி, கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது.

"இப்ப என்னம்மா வேண்டிக்கிறே?"

"வெளியில சொல்லக் கூடாது," என்றாள்.

ரயில் நகர்ந்ததும் விபூதியைத் துடைத்துவிட்டேன். சோற்றை மட்டும் சாப்பிட்டேன், பசி.

முதல் விடுமுறைக்கு வந்தபோது வாசலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இளைத்துவிட்டேன் என்று அழுதாள். நான் அவள் தோளுக்கு மேலாக முருகன் படத்தைத்தான் பார்த்தேன். முடிச்சு ஆணியில் இருந்தது. வெளுத்துப்போன துணியைப் புதிதாக மஞ்சளில் நனைத்து மாட்டியிருந்தாள்.