அக்கரை

தலைமன்னாரில் வெயில் மண்ணைப் பொரிக்கிறது. இந்தியாவுக்குக் கப்பல் போன பழைய துறையில் துருப்பிடித்த தூண்களும் காகங்களும்தான் மிச்சம். அதற்கு அப்பால் கரை நெடுகக் கம்பிவேலி. உள்ளே உல்லாச விடுதி கட்டுகிறார்கள். வாசல் பலகையில் இந்த ஊரின் சரித்திரம் எழுதியிருக்கிறது: முத்துக்குளிப்பு, ஒல்லாந்தர், மணல்திட்டுகள், ஆளில்லாத வெண்மணல்.

வேலிக்கு வெளியே, தறப்பாள் கொட்டில் முன்னால், ஒரு பெண் கருவாடு காயப்போடுகிறார். தமிழ்நாட்டு முகாமிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர்.

"உங்கட சொந்த வீடு எங்கையக்கா?"

"அக்கரையில, தம்பி."

அகதி முகாமைச் சொல்கிறார் என்று நினைத்து நான் கடலைப் பார்க்கிறேன்.

"அங்கை இல்லை. முகாமில இருக்கேக்கை இந்தக் கரையைத்தான் அக்கரை எண்டு சொல்லுவம். வாய் பழகிப்போச்சு."

செதில் ஒட்டிய கையைக் கம்பிக்கு ஊடாக நீட்டுகிறார். நீச்சல்குளத்துக்குக் கிடங்கு வெட்டுகிறார்கள். அதன் விளிம்பில் ஒரு கிணற்றுக்கட்டு இன்னும் இடிபடாமல் நிற்கிறது.

"எங்கட கிணறு. நல்ல தண்ணி."

கிடங்கு வெட்டும் இயந்திரம் மறுபடி உறுமுகிறது. அவர் கருவாட்டைப் புரட்டிப் போடுகிறார்.

"அக்கரை எண்டால், 'இக்கரையம்மா' எண்டு மகள் திருத்துவாள். என்னத்தைத் திருத்திறது? இப்பவும் அக்கரைதானே."