வளையல் ஏறும் நேரம்

திருச்சியில் பஸ் டிக்கெட் முன்பதிவுச் செயலி நடத்தும் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை ஒரு பெண்ணுடையது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஒல்லி உடம்பு, நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தி, மற்றவை சமாளிக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. தடுமாறினால் அந்த ஓட்டையை உடனே அடைத்துவிடுவார். நிறுத்துவதற்கு முன் கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிக்கொள்வார்.

முன்பு ஒரு பொங்கல் நெரிசலில் செயலி முடங்கியபோது, மேலாளர் எல்லார் முன்னிலையிலும் இவரைப் பார்த்து, "நீ கோலம் போடத்தான் லாயக்கு" என்றிருக்கிறார்.

அதனால், மேலாளர் வெளியாட்களுக்குச் செயலியை இயக்கிக் காட்டும்போதுதான் வளையல்கள் மேலே ஏறும். சர்வர் நின்றதென்று மேலாளரின் போன் அலறும். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவருக்கு வேர்த்துக் கொட்டும். டிக்கெட்டுகள் அவை பாட்டுக்குப் பதிவாகிக்கொண்டிருக்கும்.

"நிஜமாவே விழுந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விழாதுங்க. அடி வாங்கி வாங்கி அதுக்குப் பழகிடுச்சு. மேனேஜருக்குத்தான் இன்னும் பழகல."

அன்றிலிருந்து, வெளியாட்களோடு மேலாளரின் அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு என்று விசாரித்து அவருக்குச் சொல்வது நான்தான்.