மேலே போகும் வண்டியைக் கீழே இறக்கிய கதை

ஐம்பத்திரண்டு வயதில், "அக்கா மகனுக்கு" என்று பொய் சொல்லி ஒரு பொம்மைக் கடையில் நான்கு பெட்டி பிளாஸ்டிக் கட்டைகள் வாங்கினேன். எனக்கு அக்கா கிடையாது. தங்கையும் கிடையாது. அந்த இல்லாத பையன் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு இன்னும் நான்கு பெட்டி கேட்கிறான் என்று மறுபடி போய் நின்றேன். "மூளையுள்ள பிள்ளை சார்" என்றார் கடைக்காரர். வெட்கப்பட்டிருக்க வேண்டும். பெருமையாக இருந்தது. என்னை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பெட்டியின் மேல் ஒரு கோட்டையின் படம் இருந்தது. அதைக் கட்டும் முறையும் உள்ளேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். இந்த வயதில் கோட்டை கட்டி யாரை எதிர்க்கப் போகிறேன்? தாளை மடித்து மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு விண்கலம் கட்ட ஆரம்பித்தேன். மாடி அறையில், ஒரு பழைய பலகையின் மேல், மூன்றரை அடி நீளத்துக்கு அது வளர்ந்தது. அலுவலகத்தில் கோப்புகளின் பின்பக்கம் இறக்கை வரைந்தேன். ஐந்து மணி அடித்ததும் பாளையங்கோட்டை நெரிசலில் ஸ்கூட்டரை நுழைத்து, சட்டையைக்கூட மாற்றாமல் மாடியேறினேன். ஒரு கட்டை இன்னொன்றின் மேல் 'டக்'கென்று உட்காரும் சத்தம் இருக்கிறதே! முப்பது வருஷமாக எழுதுகிறேன். என் வாக்கியம் ஒன்றுகூட அப்படிப் பொருந்தி உட்கார்ந்ததில்லை.

கலம் இருந்தால் மட்டும் போதாது, அதற்கொரு வரலாறு வேண்டும். முதலில் நட்சத்திரப் போர் ஒன்றை நோட்டில் தொடங்கினேன். படித்த புத்தகங்களின் வாடை மூன்றாம் பக்கத்திலேயே அடித்தது. கிழித்துப் போட்டேன். அப்புறம்தான் மாஞ்சோலை பஸ் ஞாபகம் வந்தது.

என் மனைவி அங்கே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடு ஒன்றில் வளர்ந்தவள். மலைமேல் மாத்திரை, கல்யாணத் துணி, கத்தரிக்காய், வதந்தி எது போவதென்றாலும் பஸ்ஸில்தான் போக வேண்டும். என் கலம் அந்த பஸ் ஆயிற்று. குளிர்ந்த கிரகம் ஒன்றில் இலை பறிக்கும் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழேயிருந்து நாளுக்கு ஒரு நடை. பீரங்கி கிடையாது. கேப்டன் பிரபஞ்சத்தைக் காப்பாற்ற மாட்டார், யார் வீட்டு அம்மாவுக்கு எந்த மாத்திரை என்பது மட்டும் அவருக்கு மறக்காது. விண்கல் மழை பெய்தால் அன்றைக்கு வண்டி கிடையாது.

ஒரு நாள் துணி காயப்போட வந்த மனைவி நின்று பார்த்தாள். நோட்டைப் படித்துக் காட்டினேன். ஒன்று அழுவாள், இல்லை திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மேல கேரியரு எங்க? கோழிக்கூண்டு, அரிசி மூடையெல்லாம் எங்கன ஏத்துவாங்க?" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் அவளும் மாடியில் இருந்தாள். பனிக்குள் பார்க்க மஞ்சள் விளக்கு வேண்டும் என்றாள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு பிள்ளைத்தாய்ச்சிக்கு என்றாள். நான் வரலாற்று ஆசிரியர் பதவியிலிருந்து குமாஸ்தாவாக இறக்கப்பட்டேன். எனக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம்.

அப்போதுதான் அவள் அண்ணன் போன் செய்தார். எஸ்டேட் மூடியாயிற்று, ஒரேயடியாக மலையை விட்டு இறங்குகிறார்கள். நான்கு பேர். வேறு வீடு பார்க்கும்வரை எங்கள் மாடி அறையில் தங்குவார்கள். திங்கட்கிழமை வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கலம் மாடியை விட்டு இறங்க வேண்டும். வரைபடம் இல்லாமல் கட்டியது. பிரித்தால் மறுபடி கட்ட எனக்கே தெரியாது.

மனைவி தீர்ப்புச் சொன்னாள். "முழுசா இறங்கினா ஹால்ல வைங்க. ஒடஞ்சா சாக்குல கட்டிப் பரண்ல போட்டுருவேன். வீட்ட விட்டுட்டு வாரவன் கண்ணுல, நொறுங்கிக் கெடக்குத சாமான் படக்கூடாது."

பக்கத்து வீட்டு அண்ணாச்சியை உதவிக்குக் கூப்பிட்டேன். அவர் முப்பது வருஷம் கோயில் ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்பியவர். இதைவிடத் தகுதியான ஆள் கிடைக்குமா என்றுதான் நினைத்தேன். பலகையின் முன்பக்கத்தை நான் பிடித்துப் பின்னால் நடந்து இறங்கினேன். மேல்பக்கம் அவர். கீழே என் மனைவி, கையில் சாக்கோடு.

"பைய விடும்வே... பைய... இடதுபக்கம் ஒதுங்கும்... அப்படித்தான்!" என்று அண்ணாச்சி குரல் கொடுக்கக் கொடுக்க, எதிர்வீட்டில்கூட ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஏழு படி இறங்கினோம். திருப்பத்தில், சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே பலகை இறுகி நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் தூக்கித் திருப்புவோம்" என்றேன்.

தேரை யாராவது தூக்கித் திருப்புவார்களா? நின்ற தேருக்குப் பின்னாலிருந்து தடி போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். நான் வாயை மூடுவதற்குள் மொட்டைமாடியில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துவந்து பலகைக்கு அடியில் செருகிவிட்டார்.

"ஒரு நெம்புதான்வே! அவ்வளவு பெரிய தேரே நவுந்துருக்கு, இது என்ன சுண்டைக்கா!"

பலகை துள்ளியது. கலத்தின் முன்பாதி பொம்மைப் பயணிகளோடு என் நெஞ்சில் வந்து மோதி, எப்படியோ என் கைக்குள் நின்றது. பின்பாதி, இன்ஜினும் சரக்கு அறையும் கேரியரும், படிபடியாகக் குதித்துப் போய் மனைவியின் காலடியில் சிதறியது.

அண்ணாச்சி மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நவுந்துட்டுல்லா?" என்றார்.

நான் அவசரமாக, இது விபத்தல்ல, மேட்டில் ஏறிய பிறகு பாரத்தைக் கழற்றிவிடுவது அந்தக் கலத்தின் முறை, நோட்டில் இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான் என்று உளற ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்க" என்றாள். சாக்கை விரித்தாள். முடிந்தது என்று நினைத்தேன். அவள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "எங்க பஸ்ஸு எத்தன மட்டம் பாதி வழியில நின்னுருக்கு! அத சாக்குலயா போட்டோம்? எறங்கித் தள்ளுனோம். அந்த நீலக் கட்டைய எடுங்க."

அன்று மத்தியானம் சாப்பாடு மறந்துபோயிற்று. எந்தக் கட்டை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. அண்ணாச்சி செய்த பாவத்துக்குப் பரிகாரமாக சோபாவுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கித் தந்தார். கடைசியாகக் கேரியர் 'டக்'கென்று உட்கார்ந்தபோது மூன்று பேரும் கைதட்டினோம். மூவரின் வயதையும் கூட்டினால் நூற்று எழுபதுக்குக் குறையாது.

திங்கட்கிழமை மைத்துனர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். பெட்டி படுக்கையை இறக்கி வைத்ததும் ஹாலில் கலத்தின் முன் போய் நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. கேப்டன், மாத்திரை, விண்கல் மழை என்று இருபது நிமிஷம் விடாமல் சொன்னேன். அவர் கலத்தைச் சுற்றி வந்தார். கேரியரைத் தொட்டார். முதல் சீட்டைக் குனிந்து பார்த்தார். தங்கையைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

பிறகு ஒரு கண்ணாடிச் சன்னலை விரலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"எல்லாம் அப்படியே இருக்கு மாப்ளே. ஆனா ஒரு சன்னலும் தொறக்கலியே. இத்தன வளைவு ஏறுத வண்டியில, சனம் எங்கன வாந்தி எடுக்கும்?"