நடுவில் ஆள் இல்லாமல்

டக், டக்.

சமையல் மூலையிலிருந்து, கரண்டியால் பாத்திர விளிம்பைத் தட்டும் சத்தம். படகின் பின்னறையில் கையேட்டை விரித்து வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே இருந்த லிஃப்ட் மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"சாப்பாடு ரெடி."

"அக்கா கூப்பிடவே இல்லையே அண்ணே?"

"ரெண்டு தட்டுன்னா சாப்பாடு. ஒண்ணுன்னா டீ. மூணுன்னா யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம்."

சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாகப் பார்க்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் கணவரிடம் அந்த அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாமே "அவர்கிட்ட சொல்லு" என்று இவள் வழியாகத்தான் போகும். சாப்பாட்டு வேளையில் இவள் இங்கே இருப்பது இன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த அக்கா முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கடைசிப் பத்து வருஷம் தலைமை நர்ஸ். அவளுடைய வார்டில் ஒரு சட்டம் உண்டு: நோயாளிக்கு மூச்சு மாறினால், டாக்டருக்கு அடுத்த போன் வீட்டாருக்கு. எத்தனையோ மகன்களும் மகள்களும் கடைசி நேரத்தில் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டது அவள் புண்ணியத்தில்.

அவளுடைய அப்பா சாகக் கிடந்த அன்று காலையில், வீட்டுக்கு வந்த போனைக் கணவர்தான் எடுத்தார். டூட்டி முடிந்து வரட்டும், பக்குவமாகச் சொல்லி அழைத்துப் போகலாம் என்று இருந்துவிட்டார். இருவரும் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

"சொல்ல வேண்டியத சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லாத மனுஷனோட எனக்கு இனிமே என்ன பேச்சு" என்றாள். அதுதான் கடைசி. பதினோரு வருஷம்.

முதலில் மகள் நடுவில் நின்றாள். "கேஸ் தீர்ந்துடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு." மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் அவளுக்குத் தனித்தனியாகப் போன் செய்தார்கள். நான் என்ன உங்க வீட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சா என்று ஒருநாள் அவள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் கரண்டி வந்தது.

லிஃப்ட் குழிகளுக்குள்ளேயே ஆயுசைக் கழித்தவருக்கு ஓய்வு பெற்றதும் ஓர் ஆசை. மேலயும் கீழயும் போயாச்சு, இனி குறுக்கே போகணும் என்று வீட்டை விற்றுப் புதிதாக ஒரு பாய்மரப் படகு வாங்கினார். அம்மாவைத் தன்னோடு வரச் சொன்னாள் மகள். அம்மாவோ பெட்டியைக் கட்டி நேராகப் படகில் கொண்டுபோய் வைத்தாள். கேட்டதற்கு, பிரஷர் மாத்திரையில் எது காலைக்கு எது ராத்திரிக்கு என்று அந்த ஆளுக்குத் தெரியாது என்றாள். வெறுப்பிலே செய்கிற காரியமா இது?

ஆனால் இரண்டு பேரும் தேறிவிட்டார்கள் என்று பயிற்சியாளர் கையெழுத்துப் போடாமல் துறைமுகத்தை விட்டுத் தனியாகப் போக முடியாது. மாதக் கடைசிக்கு மேல் படகு நிற்க இடமும் இல்லை. கையெழுத்து கிடைக்காவிட்டால் படகை விற்க வேண்டியதுதான். மனைவி மகளிடம் போக வேண்டும், கணவர் ஏதாவது வாடகை அறைக்கு. இன்னும் ஆறு நாள்.

சாப்பிட்டு முடித்துக் கடலுக்குப் போனார்கள். சுக்கான் அக்காவின் கையில். ஊசி போட்டுப் பழகிய நிதானமான கை. அவர் படகின் நடுவே, அறையின் கூரைமேல் நின்று, முதுகைக் காட்டியபடி ஒரு கயிற்றுச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த காற்று மெல்லத் திசை மாறியது. பாயின் ஓரம் படபடத்தது. அதன் அடியில் குறுக்கே நீண்டிருந்த கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசப்போகிறது என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த பயிற்சியாளரின் தோளைத் தொட்டு, "அவரைக் குனியச் சொல்லு" என்றாள்.

"அண்ணே" என்பது வரைக்கும்தான் இவளால் சொல்ல முடிந்தது. கட்டை வந்துவிட்டது. குரல் கேட்டுப் பாதி திரும்பியிருந்ததால் காதுக்கு மேலே உரசிக் கிழித்ததோடு போயிற்று. கூரைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டைக் காலரில் ரத்தம்.

பயிற்சியாளர் சுக்கானைப் பிடித்துப் படகைக் கரை சேர்த்தாள். உள்ளே விளக்கடியில் அவரை உட்காரவைத்து அக்கா காயத்தைக் கழுவினாள். தையல் போடுகிற அளவுக்கு ஆழமில்லை. எத்தனையோ உடம்புகளைத் தொட்ட அந்தக் கைகளுக்குப் பிளாஸ்திரியின் முனை அகப்படவில்லை.

"தலை சுத்துதா?"

அவர் பழக்கதோஷத்தில் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"இல்ல" என்றார். இன்னொரு முறை சொன்னார். "இல்லம்மா."

"நான் பாத்தேன்" என்றாள். "கட்டை வர்றத கண்ணால பாத்தேன். பாத்துட்டு உங்ககிட்ட சொல்லாம அவகிட்ட சொன்னேன்."

அவர் பிளாஸ்திரியை அவள் கையிலிருந்து வாங்கி, முனையைப் பிரித்துக் கொடுத்தார்.

"அன்னிக்கு வார்டுக்குப் போன் போட்டேன். பாதி நம்பர் அமுக்கிட்டு வெச்சுட்டேன். நீ அழறத போன்ல கேக்கத் தைரியம் இல்ல."

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"இத எப்படிப் புள்ளகிட்ட சொல்லி அனுப்பறது?"

அவள் மன்னித்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. கட்டுப் போட்டு முடித்து, அவர் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பயிற்சியாளர் தன் பையை எடுத்துக்கொண்டாள். இன்றைக்குக் கையெழுத்துப் போட முடியாது என்றாள். இருவரும் அதை எதிர்பார்த்தே இருந்தார்கள்.

"மாசக் கடைசி அன்னிக்கு வரேன் அக்கா. காயம் ஆறிடுமா?"

"ஆறிடும்."

"அன்னிக்கு நான் வாயே திறக்க மாட்டேன். உங்க ரெண்டு பேர் சத்தம்தான் எனக்குக் கேக்கணும். அப்பதான் பேனாவ எடுப்பேன்."

அவள் படியேறிப் போனாள். கரைக்குத் தாவியபோது படகு ஒருமுறை ஆடி நின்றது. திறந்திருந்த வாசல் வழியே காற்று உள்ளே அடித்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க" என்றாள் அவரிடம். "நான் சாத்தறேன்."

கதவைச் சாத்தினாள்.