புட்டு ஆவியும் புதுச்சுவரும்

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு எதிரியாக வாய்த்தது ஒரு சுவர்.

சூலியா ஸ்ட்ரீட்டுக்குப் பின்சந்தில் இருந்த வாடகைக் கடைவீடு அது. முன்பக்கம் கூரையிட்ட அஞ்சடி நடைபாதையில் என் கணவர் காலையில் புட்டும் ஆப்பமும் விற்பார். பின்கட்டில் நான் அவித்துக் கொடுப்பேன். எங்கள் கல்யாணத்துக்காகவே முன்கூடத்துக்கும் சமையலறைக்கும் புதிதாகச் சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தார்கள். கை வைத்தால் வழுக்கும், அவ்வளவு வழவழப்பு.

நான் அடுப்புப் பற்றவைக்கத் தொடங்கிச் சில வாரங்களில் சமையலறைச் சுவர் தெறிக்க ஆரம்பித்தது. டப்பென்று ஒரு சத்தம் கேட்கும், காசளவு சில்லு ஒன்று பெயர்ந்து புட்டுமாவில் விழும். சுவரில் அம்மைத் தழும்பு போல ஒரு குழி இருக்கும்.

என் நாத்தனார், என் கணவருக்கு மூத்த அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். முன்கூடத்துச் சுவர் நன்றாகத்தானே இருக்கிறது, இவள் நிற்கிற இடம் மட்டும் ஏன் வெடிக்கிறது என்றார். சாப்பிட்டபின் நான் மடித்துக் கொடுக்கும் வெற்றிலையை வாங்கிக்கொண்டிருந்தவர், அதையும் நிறுத்தினார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு ஒருநாள், நான் கேட்கும்படியே தம்பியிடம் சொன்னார்:

“ராசி சரியில்ல தம்பி. கொஞ்ச நாளைக்கு புக்கிட் மெர்தாஜாம்ல அவ அம்மா வீட்டுல இருக்கட்டும்.”

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அப்படிப் போய்த் திரும்பி வராத பெண்களை எனக்குத் தெரியும். கணவர் தலையைச் சொறிந்தார். வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. டிரங்குப் பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்கினேன்.

அழுதேன், பொய் சொல்வானேன். ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒன்று ஏன் நடக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. போகிறதுதான் போகிறோம், இந்தச் சுவர் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட்டுப் போவோமே என்று தோன்றியது. புட்டு அவிகிற நேரமெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆவி போய்ப் படுகிற இடத்தில்தான் அதிகம் தெறித்தது. ஒவ்வொரு குழியின் அடியிலும் வெள்ளையாக ஒரு புள்ளி, தொட்டால் மாவு. சுவர் முழுக்கக் கல் மாதிரி இருக்க, அங்கே மட்டும் ஏன் மாவு?

ஓர் இடத்தில் சுவர் லேசாகப் புடைத்திருந்தது, இன்னும் தெறிக்கவில்லை. கொண்டை ஊசியால் நெம்பினேன். மிளகளவு வெள்ளைக் கல் ஒன்று வந்தது. பல்லில் வைத்துக் கடித்தேன். உடையவில்லை, நாக்குதான் சுரீரென்றது. அந்த எரிச்சல் எனக்குப் பழக்கமானது. அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்யும்போது, சுட்ட கிளிஞ்சலில் வெந்நீர் ஊற்றுவாள். கொதித்து அடங்கியதும் துணியில் வடிகட்டுவாள். துணியில் தங்கும் குறுணையைத் தூர எறிந்துவிட்டு, வடிந்ததைப் பானையில் தண்ணீருக்கடியில் வெகுநாள் ஊறப்போடுவாள். அவசரப்பட்டு எடுத்தால் வாய் வெந்துவிடும்.

கல்லை வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் கல்லைக் காணோம். அடியில் ஒரு சிட்டிகை மாவு, அதுவும் கல்லைவிடப் பெரிதாகப் பொங்கிக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரில் சரியாக நீறாத சுண்ணாம்புக் குறுணை சுவருக்குள் மாட்டிக்கொண்டு, என் புட்டின் ஆவியைக் குடித்துக் குடித்து ஊதி வெடித்திருக்கிறது. முன்கூடத்தில் ஆவி ஏது?

கணவரிடம் கிண்ணத்தைக் காட்டி, அம்மா செய்கிற முறையையும் சொன்னேன். பக்கத்தில் இருந்த நாத்தனார் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். கணவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அன்றே போய், சுவர் பூசிய கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் கிண்ணத்தைப் பார்த்தார், சுவரைத் தடவினார், எதையும் மறைக்கவில்லை.

“சரிதான்லா. சுண்ணாம்ப சலிச்சு குழியில போட்டு, வெண்ணெ மாதிரி ஆவுற வரைக்கும் ஊற வெக்கணும். கல்யாணத்துக்குள்ள முடிச்சே ஆவணும்னு அக்கா ஒத்தக்கால்ல நின்னாங்க. சுடச்சுட எடுத்துப் பூசிட்டேன்.”

நாத்தனார் எழுந்து முன்கூடத்துக்குப் போனார். எனக்கோ பேசத் துறுதுறுவென்றது, அடக்கிக்கொண்டேன். கொத்தனார் புடைத்த இடங்களைச் சுரண்டிவிட்டு, நன்றாக ஊறிய சுண்ணாம்பு கொண்டுவந்து அடைத்துத் தருவதாகச் சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. போக வேண்டுமா, வேண்டாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டி கட்டியபடியே கிடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாத்தனார் தன் சுண்ணாம்பு டப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காலி டப்பி.

“ஒங்கம்மா செய்யிற மாதிரி நீயே ஊறப்போடு. நல்லா ஊறட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

பெட்டியைத் திறந்து, வடிகட்ட ஒரு பழைய புடவையை எடுத்தேன்.