கார்டில் எழுதியபடி

அறுபதுகளில் அரிசிக்குத் திண்டாடிய சமயம். செஞ்சியில் ரேஷன் கார்டுக்காக வீடு வீடாக எழுதிக்கொண்டு வந்தவர் எங்கள் வாசலில் நின்று, "இந்தம்மா உங்களுக்கு இன்னா வேணும்?" என்று என்னைக் காட்டி, என்னோடு இருந்தவரைக் கேட்டார். அவர் மேல்மலையனூர் பஸ்ஸில் டிரைவர். அமாவாசைக் கோயில் கூட்டத்துக்குள் பஸ்ஸை நுழைத்து எடுக்கிற மனிதர், இதற்கு வழி தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார். அவருடைய மனைவி கோபித்துக்கொண்டு பனமலையில் தாய்வீட்டுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. தீர்த்துவிடவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அதனால் எங்களுக்குக் கல்யாணம் இல்லை. சேர்ந்து இருந்தோம், அவ்வளவுதான்.

"ஊட்டு வேலைக்காரின்னு எழுதிக்கிங்க" என்று நானே சொன்னேன். அவர் தலைகுனியக் கூடாது என்று. எழுத வந்தவர் போனதும், "வேலைக்காரி, ஒரு டீ போடு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது அன்று தெரியவில்லை.

பதினோரு வருஷம் சேர்ந்து இருந்தோம். ஒருநாள் காலையில் பஸ் ஷெட்டில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள், பனமலையிலிருந்து வந்த அந்த அம்மாவுக்குத் தாலி எடுத்தார்கள். எடுப்பதற்கு என் கழுத்தில் ஒன்றும் இல்லை. நான் தோட்டத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. சாம்பார் அடிப்பிடித்திருந்தது, அதைச் சுரண்டினேன்.

வீடு அவர் பெயரில் இருந்தது. வேர்க்கடலை மண்டியில் நான் மல்லாட்டை உடைத்த கூலியில்தான் அதற்கு ஓடு போட்டோம். அதற்கு என்ன அத்தாட்சி? அந்த அம்மா கெட்டவள் இல்லை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல இன்னா எழுதியிருக்குதோ அதான் நீ. பத்து நாளு இருந்துட்டுப் போ" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அவளிடம் கேட்டு வாங்கிப் போன கார்டை வக்கீல் இரண்டு முறை படித்தார்.

"பொண்டாட்டின்னு ஊட்டுல பங்கு கேக்க முடியாதும்மா. வேலைக்காரின்னு அவர் சொத்துலேர்ந்து சம்பளம் கேக்கலாம். ஒரு மாசமாவது வாங்குனியா?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு, முழுசும் பாக்கி. ஆனா மூணு வருசத்துக்கு மேல சட்டம் ஒத்துக்காது."

மீதி எட்டு வருஷம் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. என்னென்ன வேலை செய்தாய் என்றார். சமையல், துணி துவைப்பது, தண்ணீர் எடுப்பது என்று சொன்னேன். பஸ் வரத் தாமதமானால் ஸ்டாண்டு வரை போய் நின்று பார்ப்பேன் என்றேன்.

"அது வேணாம்" என்றார். எழுதவில்லை.

எனக்குத் தங்க இடம் வேண்டும். அட்வான்ஸ் கொடுக்காமல் எவன் வாடகைக்கு விடுவான்? கையெழுத்துக்கு முன் மனுவை ஒருமுறை படித்தேன். அவர் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற எஜமானர்" என்று போட்டிருந்தது. கார்டுக்குப் பிறகு எங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இருந்த காகிதம் அது ஒன்றுதான். அதிலும் நான் வேலைக்காரி.

கையெழுத்துப் போட்டேன். டீ போடச் சொல்லிச் சிரிக்க இந்த முறை அவர் இல்லை.