தறியை நிறுத்திவிட்டு வட்டி கேட்பவள்

ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை அறிவிக்கும் காலையில் ஞானபூரணம் தன் தறிக்கூடத்து மெயின் சுவிட்சை இறக்கிவிடுவாள். அந்தக் கணமே சங்கரன்கோவில் முழுக்க ஓசை அடங்கி, கோபுரத்துப் புறாக்கள் மிரண்டு சிவகிரி மலைக்குப் பறந்துவிடும். கூட்டிச் சொன்னதுதான்; அடங்குவது ஆறு விசைத்தறி, பறப்பது பஞ்சுத் தூசி.

தறி ஓடினால் காதருகே கத்தினாலும் கேட்காது. கைபேசியில் எழுத்தாக வரும் செய்தியையோ அவள் நம்புவதில்லை; வங்கி ஆளுநர் பேசுவதையே கேட்க வேண்டும். “சொல்லுதவன் தொண்டை கம்முதா இல்லையான்னு கேக்கணும்லா!” தறி வாங்கிய கடன் வங்கியில், மிச்சம் பிடித்ததெல்லாம் பங்குச் சந்தையில். அமெரிக்காவில் சம்பளம் ஏறியது, இனி வட்டி குறையாது என்று சந்தை சரிந்த அன்று, “அங்கன எவனுக்கோ கூடினா இங்கன எனக்கு ஏன் கொறையணும்?” என்று காலைப் பலகாரத்தைத் தள்ளிவைத்தாள். மத்தியானம் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

தறி ஓட்டும் பேச்சிக்கும் மற்றப் பெண்களுக்கும் சேலைக் கணக்கில்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நிற்கும். கூட்டிக் கேட்டால் ஞானபூரணத்திடம் பதில் தயாராக இருக்கும்.

“ஏட்டி, கூலி ஏறினா சேலை வெல ஏறும். நாடு பூரா இப்படி ஏறினா ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்தும். என் கடனும் ஏறும், பங்கு தலைகுப்புற விழும். எல்லாம் உன்னாலதாம்ட்டி!”

“கூலி ஏறினா நாங்களும் ரெண்டு சேலை கூட எடுப்போம்லாக்கா? உங்க தறிக்கு நல்லதுதான?” என்றாள் பேச்சி ஒருநாள்.

“அதை மொதல்ல சந்தை நம்பணும். இந்தத் தடவை வட்டி ஏறலன்னா கூட்டித் தாரேன், போ.”

வட்டி ஏறவில்லை. அறிவிப்பைக் கேட்டதும் கழுத்துச் சிலுவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவிட்சை ஏற்றினாள். மோட்டார் முனகியது, தறி ஒன்றும் ஓடவில்லை. ஒவ்வொரு தறியையும் அதன் பிடியை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“கூலிக்கா?” என்றாள் பேச்சி.

“அடுத்த தடவை வட்டியை ஏத்திட்டான்னா?”

யாரும் பிடியைத் தொடவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போக வேண்டிய சேலைகள் பாதி நெய்தபடி நின்றன. ஞானபூரணம் சேலைகளைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள், மறுபடி சேலைகளைப் பார்த்தாள். “சரிட்டி, கூட்டித் தாரேன். இழுங்க!”

சேலை எடுக்க வந்த வியாபாரி மகாராஜனோடு பேசுவதற்காக அடுத்த வாரமும் சுவிட்ச் இறங்கியது.

“கூலியைக் கூட்டிட்டீங்களாமே?”

“ஆமா அண்ணாச்சி. ஒருத்தி வாயத் தொறந்து கேக்கல. நானாத்தான் மனசு எரங்கிக் கூட்டினேன்.”

“நாங்க பிடியைத் தொடாம உக்காந்த பெறகுக்கா,” என்றாள் பேச்சி, ஊடுநூல் ஓட்டும் நாடாவில் நூல் கோத்தபடி.

ஞானபூரணம் பாய்ந்துபோய்ச் சுவிட்சை ஏற்றினாள். மோட்டார் முனகியது. பேச்சி பிடிமேல் கையை வைத்தாள், இழுக்கவில்லை. அண்ணாச்சி சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.